பழைய ஆய்வகப் படமும் விண்கலப் படமும்: ஒரே கிண்ணக்குழிக்கு ஏன் இரண்டு முகம்?

கேள்வி: 11 பிப்ரவரி 2024, வியாசர்பாடி வாசகர்

அல்லிக்குளம் வளாகத்துப் பழைய புத்தகக் கடையில் ஒரு வானியல் நூல் வாங்கினேன். அதில் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தின் 100 அங்குலத் தொலைநோக்கியில் எடுத்த, நிலாவின் கோப்பர்னிக்கஸ் கிண்ணக்குழியின் (விண்கல் மோதி உண்டான பள்ளம்) படம் முழுப் பக்கத்துக்கு இருக்கிறது. உள்ளே கருநிழல் பரவி, விளிம்பு மலைகள் கூராக எழுந்து நிற்கின்றன. அதே குழியை, நிலாவைச் சுற்றும் நாசாவின் எல்ஆர்ஓ விண்கலப் படத்தில் பார்த்தால் சாம்பல் நிறத்தில் தட்டையாகத் தெரிகிறது. எது உண்மை? பழைய படத்தில் ஏதாவது கைவேலை நடந்திருக்கிறதா? சந்திரயான்-2 கால் மீட்டர் நுணுக்கத்தில் படம் எடுக்கும்போது, தரையிலிருந்து எடுக்கும் படத்துக்கு இனி என்ன வேலை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: 11 பிப்ரவரி, இரவு

தம்பி, முதலில் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். வானியல் தொலைநோக்கி பிம்பத்தைக் கவிழ்த்துத்தான் காட்டும். அதனால் பழைய நிலாப் படங்களில் தெற்கை மேலே வைத்து அச்சிடுவது வழக்கம். விண்கல வரைபடங்களில் வடக்கு மேலே இருக்கும். இன்னொன்றும் உண்டு: 1961-இல் சர்வதேச வானியல் ஒன்றியம் நிலாவின் கிழக்கையும் மேற்கையும் இடம் மாற்றியது. அதுவரை நம் வானத்தின் திசையை வைத்துச் சொன்னார்கள். பிறகு, நிலாவில் நிற்பவருக்குச் சூரியன் உதிக்கும் பக்கம் கிழக்கு என்று ஆயிற்று. உங்கள் நூல் அதற்கு முந்தையது என்றால், அதில் கிழக்கு என்று இருப்பதை மேற்கு என்று படியுங்கள்.

திசை சரியானாலும் இரண்டு படமும் ஒத்துப்போகாது. காரணம் சூரியன் நின்ற உயரம். எண்ணூர் நெடுஞ்சாலையில் நடுப்பகலில் கண்ணில் படாத குழிகூட, இரவில் கன்டெய்னர் லாரியின் முகப்பு விளக்கு தாழ்வாக விழும்போது பாதாளமாகத் தெரியும். குழி மாறுவதில்லை. கோப்பர்னிக்கஸின் அகலம் 93 கி.மீ., ஆழம் 3.8 கி.மீ. அகலத்தோடு ஒப்பிட்டால் அது ஆழம் குறைந்த பள்ளம்தான். ஆனால் அங்கே சூரியன் அடிவானத்துக்கு 3 பாகை மேலே நிற்கும்போது, 3.8 கி.மீ. உயரச் சுவர் 70 கி.மீ.க்கு மேல் நிழல் வீசும். 45 பாகையில் நின்றால் நிழலும் 3.8 கி.மீ.தான். கைவேலை எதுவும் நடக்கவில்லை. நீங்கள் பார்த்தவை ஒரே இடத்தின் இரண்டு வேளைகள்.

12 பிப்ரவரி

பெரம்பூரிலிருந்து ஒருவர் கேட்கிறார்: ‘காவலூர்த் தொலைநோக்கியில் விக்ரம் தரையிறங்குகலம் தெரியுமா?’ தெரியாது. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியிலும் தெரியாது.

நிலா சராசரியாக 3,84,400 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. அந்தத் தூரத்தில் ஒரு விகலை, அதாவது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு, ஏறத்தாழ 1.86 கி.மீ. ஆகிறது. ஹப்பிளின் ஆடி 2.4 மீட்டர். நிலாவில் அது பிரித்துக் காட்டுவது ஏறத்தாழ 90 மீட்டர் வரைதான். இரண்டு மீட்டர் அளவுள்ள கலத்தை இங்கிருந்து பிரித்தறிய நூறு மீட்டருக்கும் பெரிய ஆடி வேண்டும்.

காவலூரில் உள்ள வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர். 1986 முதல் இயங்குகிறது. ஆடியின் அளவில் ஹப்பிளுக்கு ஏறக்குறைய சமம். கணக்குப்படி அதுவும் நூறு மீட்டர் அளவுக்குப் பிரிக்க வேண்டும். ஆனால் ஜவ்வாது மலையின் மேலே முழுக் காற்றுமண்டலமும் இருக்கிறது. காற்றின் கலக்கம் பிம்பத்தை ஒன்று இரண்டு விகலைக்குப் பரப்பிவிட்டால், நூறு மீட்டர் என்பது சில கிலோமீட்டர் ஆகிவிடும். ஆய்வகப் படத்துக்கும் விண்கலப் படத்துக்கும் நடுவே முதலில் நிற்பது காற்று. தூரம் அதற்குப் பிறகுதான். இதை நம் ஊர்க்காரர்கள் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். காவலூரைக் குறைத்துப் பேசுபவர்கள் ஆடியைக் குறை சொல்கிறார்கள். ஆடியில் ஒரு குறையும் இல்லை.

12 பிப்ரவரி, சற்றுப் பிறகு

‘எல்ஆர்ஓ அரை மீட்டர் காட்டும்’ என்று எழுதுபவர்கள் கவனியுங்கள். அது 50 கி.மீ. உயரத்தில் ஒரு படப்புள்ளிக்கு உரிய அளவு. ஒரு பொருளை இன்னதென்று அறிய அதன் மேல் பல புள்ளிகள் விழ வேண்டும். சந்திரயான்-2-இன் கூர்நோக்குக் கேமராவுக்கு 100 கி.மீ. உயரத்திலிருந்து புள்ளிக்கு 0.25 மீட்டர். ஆனால் அது ஒரு நேரத்தில் எடுக்கும் பட்டையின் அகலம் 3 கி.மீ. மட்டுமே. நிலாவின் குறுக்களவோ 3,474 கி.மீ.

13 பிப்ரவரி

மணலிப் புகையிலும் எண்ணூர்ப் புகையிலும் நிலாவைப் படம் எடுக்கவே முடியாது என்று கொருக்குப்பேட்டை அண்ணன் எழுதியிருக்கிறார். நான் திருவொற்றியூரில் மொட்டைமாடியில் 150 மி.மீ. ஆடித் தொலைநோக்கி வைத்திருக்கிறேன். என் அனுபவம் வேறு. புகையும் கடலோர ஈரப்பதமும் வெளிச்சத்தைக் குறைக்கும், பிம்பத்தைக் குலைக்காது. நட்சத்திரக் கூட்டங்களைப் பார்ப்பவருக்கு அது பெரிய இழப்பு. நிலாவுக்கு வெளிச்சம் மிச்சமாகவே இருக்கிறது. மங்கலான வானத்தில் நிலாவின் விளிம்பு ஆடாமல் நின்ற இரவுகள் எனக்கு நிறைய வாய்த்திருக்கின்றன. உண்மையான எதிரி பகலெல்லாம் வெயிலைக் குடித்த சிமென்ட் தளம். இருட்டிய பிறகும் நெடுநேரம் அது அனல் விடுகிறது. தளத்தில் தண்ணீர் ஊற்றி, கருவியை வெளியே வைத்து, கடற்காற்று சீராக வீசும் வரை காத்திருப்பேன்.

14 பிப்ரவரி

இன்று லின்னே பற்றி. ஆய்வகப் பார்வைக்கும் விண்கலப் பார்வைக்கும் உள்ள உறவை இதைவிட நன்றாகச் சொல்லும் கதை எனக்குத் தெரியாது.

1866-இல் ஏதென்ஸ் ஆய்வகத்தின் இயக்குநர் யூலியஸ் ஷ்மித், மாரே செரெனிட்டாட்டிஸ் சமவெளியில் இருந்த லின்னே கிண்ணக்குழி மறைந்துவிட்டது என்று அறிவித்தார். நிலா வரைபடம் தீட்டிய லோர்மானும் மேட்லரும் முன்பு அதை ஆழமான, கணிசமான அளவுள்ள குழியாகப் பதிவுசெய்திருந்தார்கள். ஷ்மித் பார்த்தபோது அங்கே ஒரு வெண்திட்டு மட்டும் இருந்தது. நிலா செத்த உலகம் என்று நம்பியவர்களுக்கு அது பேரதிர்ச்சி. ஐரோப்பா முழுக்கத் தொலைநோக்கிகள் அந்தப் புள்ளியை நோக்கித் திரும்பின. விவாதம் பல்லாண்டு நீடித்தது.

விண்கலப் படங்கள் வழக்கைத் தீர்த்தன. லின்னே 2.2 கி.மீ. அகலமுள்ள இளம் கிண்ணக்குழி. விளிம்பு இன்றும் சிதையாமல் இருக்கிறது. குழி உருவானபோது வெளியே சிதறிய வெண்மண் சுற்றிலும் பல கிலோமீட்டருக்குப் பரவியிருக்கிறது. பூமியிலிருந்து பார்த்தால் அந்தக் குழி 1.2 விகலை, அதாவது காற்று அனுமதிக்கும் எல்லையிலேயே நிற்கிறது. சூரியன் தாழ்ந்தால் நிழலோடு குழி தெரியலாம். சூரியன் ஏறினால் வெண்திட்டு மட்டுமே தெரியும். எதுவும் மறையவில்லை. ஷ்மித்தும் பார்த்ததைத்தான் சொன்னார். அவர் நேர்மையான, அயராத உழைப்பாளி. நிலாவுக்கு இரண்டு மீட்டர் அளவுள்ள பெரிய வரைபடத்தைத் தனி ஒருவராக முடித்தவர்.

15 பிப்ரவரி

சின்னச் சேர்க்கை. அந்தக் காலத்தில் படத்தகட்டைவிடக் கண்ணே அதிகம் பார்த்தது. தகட்டுக்கு ஒளி பதிய நேரம் வேண்டும். அந்த நேரத்துக்குள் காற்று பிம்பத்தை அசைத்துக் கலைத்துவிடும். கண் காத்திருந்து, காற்று அடங்கும் நொடியைப் பிடித்துக்கொள்ளும். பாரிஸ் ஆய்வகத்தில் லோவியும் புய்சோவும் 1896 முதல் 1910 வரை வெளியிட்ட படத்தொகுப்பு பேரழகு. ஆயினும் மிக நுண்ணிய விவரங்களுக்கு நெடுங்காலம் கையால் வரைந்த படங்களையே நம்பினார்கள்.

இப்போது நாங்கள் செய்வது கண்ணின் அதே வேலையை. சிறு கேமராவில் காணொளி எடுத்து, ஆயிரக்கணக்கான படச் சட்டங்களில் கலங்காதவற்றை மட்டும் மென்பொருள் பொறுக்கி அடுக்குகிறது. இந்த முறையால் இன்றைய ஆர்வலர்களின் நல்ல படங்கள் 1960-களின் பெரிய ஆய்வகப் படங்களைத் தாண்டிவிட்டன. ஒரு எச்சரிக்கை: கூர்மையூட்டுவதை அளவுக்கு மீறிச் செய்தால் விளிம்புகளில் இல்லாத வெண்கோடு முளைக்கும். அதைக் கரை என்று நம்பி விண்கலப் படத்தில் தேடாதீர்கள். கைபேசியில் எடுத்த நிலாப் படத்தையும் இந்த ஒப்பீட்டில் சேர்க்க வேண்டாம். சில கைபேசிகளின் மென்பொருள் தானாகவே விவரம் சேர்த்துவிடுகிறது.

16 பிப்ரவரி, இரவு

வளர்பிறை அஷ்டமி. லின்னேயில் சூரியன் நாலு பாகை உயரத்தில்தான் இருந்தது. காற்று அடங்கிய நொடிகளில் ஊசிமுனை அளவு கருமை தெரிந்தது, ஒட்டினாற்போல் ஒரு வெளிச்சம். காணொளி எடுத்துவிட்டேன்.

17 பிப்ரவரி, இரவு

மாலை 5.35-க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இன்சாட்-3டிஎஸ் கிளம்பியது. வடக்கே எழுந்து கடல் பக்கம் சாய்வதை எங்கள் தெருவே மாடியில் நின்று பார்த்தது. வடசென்னைக்குக் கிடைத்த பேறு இது. 2008 அக்டோபர் 22-இல் சந்திரயான்-1 போனதும் இதே வடக்கு வானில்தான்.

பிறகு நிலா. தாலமி, அல்போன்சஸ், அர்சாச்சல் என்ற மூன்று கிண்ணக்குழிகளும் வடக்கிலிருந்து தெற்காக வரிசையாக விடியலில் நின்றன. அல்போன்சஸின் தரையில் பெரும்பகுதி நிழல். 1965 மார்ச் 24-இல் அமெரிக்காவின் ரேஞ்சர் 9 விண்கலம் அங்கேதான் மோதியது. மோதும் வரை 5,814 படங்கள் அனுப்பியது. அமெரிக்க வீடுகளில் தொலைக்காட்சியில் அதை நேரலையாகப் பார்த்தார்கள். தரைத் தொலைநோக்கிகள் அல்போன்சஸின் தரையில் சில கருந்திட்டுகளைக் காட்டியிருந்தன. ரேஞ்சர் படங்களில் அந்தத் திட்டுகளின் நடுவே சிறு குழிகள் இருந்தன. அவை தரைப் பிளவுகளின் மேல் அமர்ந்திருந்தன. எங்கே பார்க்க வேண்டும் என்பதைத் தொலைநோக்கி சொன்னது, அங்கே என்ன இருக்கிறது என்பதை விண்கலம் சொன்னது.

19 பிப்ரவரி

தம்பியின் கோப்பர்னிக்கஸ் இன்று மாலை நன்றாகக் கிடைத்தது. சூரியன் எட்டு ஒன்பது பாகை. தரையில் கால்வாசி அளவுக்கு நிழல், சுவரின் படிக்கட்டுகள் தெளிவு. லின்னேயையும் பார்த்தேன்: வெறும் வெண்திட்டு. 16-ஆம் தேதி கண்ட கருமை இல்லை.

படத்தை எல்ஆர்ஓவின் அகலக்கோணக் கேமரா ஒட்டுப்படத்தோடு அடுக்கி வைத்துப் பார்த்தபோது, பல நாளாக மனதில் இருந்ததைச் சொல்லிவிடத் தோன்றியது. எல்ஆர்ஓ நிலாவைச் சுற்ற ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பட்டை. நிலா கீழே மெதுவாகத் திரும்பத் திரும்பப் பட்டைகள் சேர்கின்றன. முழு முகத்தையும் காட்டும் ஒட்டுப்படம் என்பது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் எடுத்தவற்றில் வெளிச்சம் ஒத்துப்போகும் பட்டைகளைத் தேர்ந்து இணைத்தது. அதில் எல்லா இடத்திலும் சூரியன் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கிறது. அப்படி ஒரு நாள் நிலாவில் விடிந்ததே இல்லை! அளப்பதற்கு அது அருமையான படம். ஆனால் கிழக்கே உச்சிவெயில், நடுவே காலை, மேற்கே இன்னும் இரவு என்று ஒரு முகம் முழுவதும் ஒரே நொடியில் இருந்ததை, தூர நின்று எடுத்த படம்தான் காட்டும். வானியலாளர் பீஸ் 1919-இல் மவுண்ட் வில்சனில் எடுத்த தகடுகளிலும் அது இருக்கிறது, என் மாடிப் படத்திலும் அது இருக்கிறது. தரைப் படத்தைக் கீழ்ப்படி என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

ஒப்பிட விரும்புபவர்களுக்கு வழி: நாசா ஒவ்வோர் ஆண்டுக்கும் ‘டயல்-ஏ-மூன்’ என்று வெளியிடுகிறது. எல்ஆர்ஓ அளந்த உயரங்களை வைத்து, ஆண்டின் எந்த மணி நேரத்துக்கும் நிலா எப்படித் தெரியும் என்று நிழலோடு வரைந்து காட்டும். உங்கள் படத்தின் நேரத்தை உலக நேரத்துக்கு மாற்றி, அதாவது நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் குறைத்து, அதோடு அடுக்குங்கள்.

21 பிப்ரவரி

நிலாவின் ஓரத்தில் இருப்பவை பற்றி இராயபுரத்து அம்மா கேட்ட கேள்வி சரியானது. மாரே கிரைசியம் சமவெளி நமக்கு வடக்கு தெற்காக நீண்டு தெரிகிறது. மேலிருந்து எடுத்த படத்தில் அது கிழக்கு மேற்காக நீண்டது. உருண்டையின் ஓரத்தைச் சாய்ந்து பார்ப்பதால் அகலம் சுருங்கிவிடுகிறது.

இதற்கு 1960-களின் தொடக்கத்தில் வானியலாளர் கைப்பரும் அவருடைய மாணவர்களும் அரிசோனாவில் ஒரு வழி கண்டார்கள். நல்ல ஆய்வகப் படங்களை வெள்ளை உருண்டையின் மேல் விழச் செய்து, பக்கவாட்டில் நின்று அதை மறுபடி படம் எடுத்தார்கள். ஓரங்கள் நேர்ப்பார்வைக்கு வந்தன. அப்படித்தான் 1962-இல் ஹார்ட்மனும் கைப்பரும் ஓரியண்டேல் படுகையின் வளையங்களை அடையாளம் கண்டார்கள். 900 கி.மீ.க்கு மேல் அகலமுள்ள வளையம் அது. எல்லாரும் பார்த்த ஓரத்திலேயே இருந்தது. 1967-இல் லூனார் ஆர்பிட்டர் 4 விண்கலம் மேலிருந்து எடுத்து அதை உறுதிசெய்தது. விண்கலம் அந்தப் படுகையை மேலிருந்து எடுப்பதற்கு முன்பே, பூமியை விட்டு நகராமல் நிலாவின் பக்கவாட்டில் போய் நின்றவர்கள் அவர்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும்.

22 பிப்ரவரி

லூனார் ஆர்பிட்டர் படங்களில் வரிவரியாகக் கோடு ஏன் என்கிறீர்கள். அந்தக் கலங்கள் படச்சுருளில் எடுத்து, கலத்துக்குள்ளேயே கழுவி, வருடி, வானொலி அலையில் அனுப்பின. ஒவ்வொரு வரியும் ஒரு வருடல். நிலாவில் அப்படிக் கோடு எதுவும் இல்லை.

அதேபோல் 1953-இல் ஓ’நீல் என்பவர் கிரைசியம் கரையில் பிரம்மாண்டமான இயற்கைப் பாலம் ஒன்றைக் கண்டதாக அறிவித்தார். விண்கலப் படங்களில் அங்கே பாலமே இல்லை. இரண்டு முனைகளுக்கு நடுவே தாழ்ந்த ஒளி காட்டிய தோற்றம் அது.

24 பிப்ரவரி

பௌர்ணமி, மாசி மகம். கடற்கரை எங்கும் கூட்டம். நிலாவில் நிழலே இல்லை. டைக்கோ கிண்ணக்குழியிலிருந்து பரவும் வெண்கதிர்கள் மட்டும் உச்சத்தில் இருக்கின்றன. மேடுபள்ளம் வேண்டுபவர்கள் இன்று கேமராவை எடுக்க வேண்டாம். மண்ணின் நிற வேறுபாடு வேண்டுபவர்களுக்கு இதுவே நாள்.

27 பிப்ரவரி

‘விண்கலம் இருக்கும்போது சூரிய உயரத்தைப் பற்றிக் கவலை எதற்கு?’ என்றவருக்கு. 2019-இல் சந்திரயான்-2-இன் விக்ரம் மோதிய பிறகு செப்டம்பர் 17-இல் எல்ஆர்ஓ எடுத்த முதல் படங்களில் மோதிய இடம் நல்ல வெளிச்சத்தில் இல்லை. அந்தப் படங்களிலேயே, சென்னையில் பணிபுரிந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் பழைய படத்தோடு புள்ளி புள்ளியாக ஒப்பிட்டு, மோதிய இடத்துக்கு வடமேற்கே 750 மீட்டர் தள்ளி ஒரு சிறு வெண்புள்ளியைக் கண்டுபிடித்தார். பிறகு அக்டோபரிலும் நவம்பரிலும் எடுத்த படங்கள் உதவின. நவம்பர் 11 படத்தில்தான் வெளிச்சமும் நுணுக்கமும் சிறப்பாக அமைந்தன. நாசா டிசம்பரில் அவர் பெயரைச் சொல்லி அறிவித்தது. அரை மீட்டர் கேமராவும் நல்ல சூரியனுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.

தரைப் படத்துக்கு என்ன வேலை என்ற கேள்வியும் மிச்சம் இருக்கிறது. 2013 மார்ச் 17-இல் மாரே இம்பிரியத்தில் ஒரு விண்கல் மோதி மின்னியது. அதைப் பதிவுசெய்தது 14 அங்குலத் தொலைநோக்கி. எல்ஆர்ஓ அந்த இடத்தைத் தேடிப் போய் 18 மீட்டர் அகலமுள்ள புதிய குழியைக் கண்டது. ஒரு நேரத்தில் ஒரு பட்டையைப் பார்க்கும் கலம் அந்த மின்னலைப் பிடித்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இருண்ட பாதியை முழுதாக, நெடுநேரம் கண்காணிக்க இங்கேதான் நிற்க வேண்டும்.

3 மார்ச், அதிகாலை

தேய்பிறை. நிலாவின் நேர்ச்சுவர் என்னும் ரூப்பஸ் ரெக்டா தெற்கு வானில் வெண்கோடாகத் தெரிந்தது. நீளம் 110 கி.மீ., உயரம் ஏறத்தாழ 300 மீட்டர். சுவர் மேற்கு பார்த்தது. அதனால் காலைச் சூரியனில் அதன் நிழல் கருங்கோடு, மாலைச் சூரியனில் முகமே வெளிச்சம். எல்ஆர்ஓ படத்தில் அது செங்குத்தாக இல்லை, சரிவுதான்.

பிப்ரவரி 12-ஆம் தேதி சொன்ன கணக்கோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பிரித்தறியும் எல்லை என்பது பக்கத்தில் பக்கத்தில் உள்ள இரண்டு புள்ளிகளுக்கு உரியது. நீண்ட கருங்கோடு அந்த எல்லையைவிட மெலிதாக இருந்தாலும் கண்ணுக்கும் கேமராவுக்கும் சிக்கும்.

அதைச் சோதிக்க மார்ச் 18 நல்ல நாள். மாலை ஏழு மணிக்கு நேர்ச்சுவரில் அப்போதுதான் விடிந்திருக்கும், நிழல் அகலமாக இருக்கும். இரவு பத்துக்குள் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கிவிடும். இரண்டு வேளையும் எடுங்கள். 100 மி.மீ. கருவி வைத்திருப்பவர்கள் கட்டாயம் எடுங்கள். படத்தோடு நேரத்தையும் எழுதுங்கள். அகலத்தை அளந்து, எல்ஆர்ஓ தரும் உயரத்தோடு பொருந்துகிறதா என்று நான் கணக்குப் போட்டு இங்கே இடுகிறேன்.